செம்மண்ணும் வெளுத்த முகமும்



நமது இலக்கியத்தில் இரத்தத்துக்குப் பஞ்சமில்லை. சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் சமைத்துக் குடிக்கின்றன. பேச்சு வழக்கிலும் அப்படித்தான். உறவைச் சொல்ல 'இரத்த உறவு' என்கிறோம். கோபம் வந்தால் இரத்தம் கொதிக்கிறது. பயம் வந்தால் உறைந்து போகிறது. ஆனால் போர்க்களத்தில் சிந்தும் இரத்தத்தைப் பாடிய அளவுக்கு, சத்தமில்லாமல் உடம்புக்குள்ளேயே குறைந்து போகும் இரத்தத்தை நாம் பாடவில்லை. இலக்கியத் தொடரிலே இது என்ன வைத்தியப் பாடம் என்று கேட்டுவிடாதீர்கள். சப்ரகமுவத் தோட்டத்து வாழ்க்கையை எழுத விரும்புகிறவர்கள் முதலில் வாசிக்க வேண்டிய ஏடு அந்த இரத்தம்தான்.

இரத்தினபுரியில் இருந்து தொடங்குவோம். மாணிக்கத்துக்குப் பெயர் போன ஊர். சுரங்கத்திலிருந்து எடுத்து, அரித்து, கழுவிப் பார்க்கும் நீலக்கல்லுக்கு அந்த நீலம் எப்படி வந்தது தெரியுமா? கல்லுக்குள் கலந்திருக்கும் மிகச் சிறிதளவு இரும்பும் தைத்தானியமும்தான் காரணம். வீதியோரத்து மண்மேடு செக்கச் சிவந்து கிடக்கிறதே, அதற்கும் காரணம் இரும்புதான். நம் உடம்பில் ஓடும் குருதி சிவப்பாக இருப்பதற்கும் அதே இரும்புதான் காரணம். கல்லில் நீலம், மண்ணில் சிவப்பு, நாளத்திலே உயிர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்று சொல்வதை விட வேதனை என்றே சொல்லலாம். பலாங்கொடையில், இறக்குவானையில், காவத்தையில், தெரணியகலையில், எட்டியாந்தோட்டையில் அந்த இரும்பு மண்ணின் மேலே நாள் முழுவதும் நடக்கிற பெண்ணின் முகம் வெளுத்துப் போயிருக்கிறது. கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தால் சிவப்பைக் காணோம். காலடியில் இரும்பு, இரத்தத்தில் இரும்பு இல்லை. இது எப்படி நேர்ந்தது என்பதுதான் இன்றைய கதை.

முதலில் இரத்தம் ஓடுகிற வழியைத் தெரிந்துகொள்வோம். அதற்கு ஒரு பயணியைப் பின்தொடர்ந்து போகலாம். அவன் நல்லவன் அல்ல. ஆனால் வழி தெரிந்தவன்.

மழை பெய்து ஈரமாய்க் கிடக்கும் நிழல் மண்ணில் அவன் காத்திருக்கிறான். கண்ணுக்குப் புலப்படாத குடம்பி அது. கொளுக்கிப்புழுவின் குஞ்சு என்று சொல்லலாம். செருப்பில்லாத பாதம் ஒன்று மண்ணில் படுகிறது. விரலிடுக்கின் மெல்லிய தோலைத் துளைத்துக்கொண்டு அவன் உள்ளே போகிறான். அந்த இடம் அரிக்கிறது. 'சேத்துப்புண்' என்று சொல்லி நாம் சொறிந்துகொள்கிறோம். அதற்குள் அவன் தோலுக்கடியில் இருக்கும் மயிரிழையிலும் மெல்லிய குழாய் ஒன்றுக்குள் நுழைந்துவிட்டான். அதுதான் மயிர்த்துளைக்குழாய். நம் உடம்பில் இரத்தம் உண்மையாக வேலை செய்யும் இடம் அதுதான். அங்கேதான் ஒட்சிசனையும் உணவையும் அது இறக்கி வைக்கிறது, கழிவை ஏற்றிக்கொள்கிறது.

அங்கிருந்து அவன் காலின் நாளத்துக்கு வருகிறான். நாளம் என்பது இருதயத்துக்குத் திரும்பும் வழி. பாதத்திலிருந்து நெஞ்சு வரை மேட்டு நிலம். இரத்தம் எப்படி மேலேறும்? நாளத்துக்குள் இடைக்கிடை சின்னஞ்சிறு கதவுகள் இருக்கின்றன. அவை மேல்நோக்கி மட்டும் திறக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை நாளத்தைப் பிழிகிறது. இரத்தம் ஒரு கதவு தாண்டி மேலே ஏறுகிறது. கதவு பின்னால் சாத்திக்கொள்கிறது. நாள் முழுவதும் ஒரே இடத்தில் நிற்கிற வேலைக்காரருக்குக் கால் வீங்குவதும், நாளம் புடைத்து முறுக்கிக்கொள்வதும் இதனால்தான். பிழிகிற தசைக்கு வேலையில்லாமல் போகிறது.

இப்படி ஏறி ஏறி, பெருநாளம் வழியாக நம் பயணி இருதயத்தின் வலப்பக்கத்துக்கு வந்து சேர்கிறான். இருதயம் கைமுட்டி அளவிலான தசைப் பை. அது ஒரு வீடு அல்ல, சுவர் வைத்துப் பிரித்த இரட்டை வீடு. லயத்துக் காம்பராக்கள் போல. வலப்பக்கத்து இரத்தம் இடப்பக்கத்துக்கு நேரே போக முடியாது. வெளியே போய்ச் சுற்றித்தான் வரவேண்டும். வலது இதயவறை அதைச் சுவாசப்பைக்கு அனுப்புகிறது. அங்கே மறுபடியும் மயிர்த்துளைக்குழாய்கள். காபனீரொட்சைட்டைக் கழித்து, ஒட்சிசனை ஏற்று, கருஞ்சிவப்பாய்ப் போன இரத்தம் செஞ்சிவப்பாய் மாறுகிறது.

பயணி இந்த இடத்தில் இறங்கிக்கொள்கிறான். சுவாசப்பையின் காற்றறைக்குள் புகுந்து, மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, சளியோடு விழுங்கப்பட்டு, குடலில் போய்க் குடியிருக்கிறான். அவன் அங்கே செய்வதைப் பிறகு பார்ப்போம். நாம் இரத்தத்தோடே போவோம். அது இடது பக்கத்துக்கு வந்து, தடித்த சுவருடைய இடது இதயவறையிலிருந்து பெருநாடிக்குள் பாய்கிறது. பெருநாடி கிளைத்து, அது மேலும் கிளைத்து, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும், கொழுந்து கிள்ளும் விரல்நுனிக்கும் போய்ச் சேர்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம்.

இன்று பாடசாலைப் பிள்ளை படிக்கிற இந்தச் சுற்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக மேலை வைத்தியர்களுக்குத் தெரியாமல் இருந்தது. ஈரல் இரத்தத்தைப் புதிது புதிதாகச் செய்கிறது, உடம்பு அதைத் தின்று தீர்க்கிறது என்று கிரேக்க வைத்தியர் கேலன் சொன்னதையே நம்பினார்கள். இருதயத்திலிருந்து சுவாசப்பைக்குப் போய்வரும் வழியை 13ஆம் நூற்றாண்டில் அராபிய வைத்தியர் இப்னு அல் நபீஸ் எழுதி வைத்தார். 1628இல் ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹார்வி எளிய கணக்கொன்றைப் போட்டுக் காட்டினார். இருதயம் அரை மணி நேரத்தில் வெளியே தள்ளும் இரத்தம் உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சுகிறது. அவ்வளவையும் ஈரல் எப்படிச் செய்யும்? ஆகவே போன இரத்தமேதான் திரும்பி வருகிறது. நாடிக்கும் நாளத்துக்கும் நடுவே பாலமாய் இருக்கும் மயிர்த்துளைக்குழாயை ஹார்வி காணவில்லை. 1661இல் மல்பீஜி என்ற இத்தாலியர் தவளையின் சுவாசப்பையில் உருப்பெருக்கியால் அதைக் கண்டார்.

நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்தவர் உடம்பில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம். இருதயம் ஒரு துடிப்புக்கு 70 மில்லிலீற்றர் அளவு தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஏறத்தாழ 5 லீற்றர். ஒரு நாளைக்கு 7,000 லீற்றர். இது சும்மா இருக்கும்போது. கூடையைச் சுமந்துகொண்டு மலை ஏறும்போது இது மூன்று, நான்கு மடங்காகலாம். தோட்டத்து மனிதரின் இருதயம் துரையின் இருதயத்தை விடக் கூடுதலாய் உழைத்திருக்கிறது. அதற்குச் செக்ரோலில் பெயரில்லை.

இனி இரும்புக்கு வருவோம். இரத்தத்தில் மிதக்கும் செங்குழியங்கள் நடுவில் குழிந்த சின்ன வட்டத் தட்டுகள். ஒரு துளியில் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஈமோகுளோபின் நிறைந்திருக்கிறது. ஈமோகுளோபின் ஒன்றில் இரும்பணு நான்கு. அந்த இரும்புதான் சுவாசப்பையில் ஒட்சிசனைப் பற்றிக்கொள்கிறது. தசையிலே போய் விட்டுவிடுகிறது. உடம்பிலுள்ள மொத்த இரும்பு 3 அல்லது 4 கிராம். ஒரு சிறு ஆணி அளவு. அதில் பெரும்பங்கு இரத்தத்தில்தான் இருக்கிறது.

ஒரு செங்குழியத்தின் ஆயுள் 120 நாள். எலும்பு மச்சையில் செக்கனுக்கு 20 இலட்சத்துக்கும் மேலாகப் புதியவை பிறக்கின்றன. பழையவை மண்ணீரலிலும் ஈரலிலும் உடைக்கப்படுகின்றன. அவற்றிலிருந்த இரும்பை உடம்பு வீணாக்குவதில்லை. கவனமாய் எடுத்துப் புதியவற்றுக்குக் கொடுக்கிறது. உணவிலிருந்து ஒரு நாளில் உடம்பு ஏற்பது 1 அல்லது 2 மில்லிகிராம்தான். வரவு அவ்வளவு சிறியது. ஆகவே இரத்தம் வெளியே போனால் நட்டம் பெரிது. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் உள்ள பெண்ணுக்கு இந்தக் கணக்குப் புத்தகம் எப்போதும் இறுக்கமாகவே இருக்கிறது.

ஈமோகுளோபின் பெண்ணுக்கு 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்கும், கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும், ஆணுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் அதைக் குருதிச் சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிலையில் என்ன நடக்கும்? சுமை ஏற்றும் வண்டிகள் குறைந்துவிட்டன. ஆகவே இருதயம் இருக்கிற வண்டிகளை வேகமாக ஓட்டுகிறது. நெஞ்சு படபடக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலை சுற்றுகிறது. உட்கார்ந்தால் போதும் என்றிருக்கிறது. அதைப் பார்ப்பவர் சொல்லும் வார்த்தை என்ன? 'சோம்பேறி.'

குடலில் குடியேறிய நம் பயணியை இங்கே மறுபடியும் சந்திக்கிறோம். குடற்சுவரைக் கவ்விக்கொண்டு ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தைப் போக்குகிறது. அற்பம் என்று தோன்றும். நூறு புழு இருந்தால் 3 மில்லிலீற்றர். ஆண்டுக்கு ஒரு லீற்றருக்கும் மேல். உடம்பிலுள்ள இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு! காலில் ஏறும் அட்டையை நாம் பார்க்கிறோம். சுண்ணாம்போ உப்போ வைத்து விழுத்துகிறோம். மலையகக் கவிஞர்கள் உழைப்பைச் சுரண்டுகிறவனுக்கு அட்டையை உவமை சொன்னார்கள். ஆனால் அட்டை குடித்துவிட்டுத் தானாகவே விழுந்துவிடும். உள்ளே இருக்கும் புழு ஆண்டுக்கணக்கில் விடாது.

1902இல் அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகளிடம் சார்ள்ஸ் ஸ்டைல்ஸ் இந்தப் புழுவைக் கண்டபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்று பெயர் வைத்தன. பரிகாசமாக வைத்த பெயர்தான். என்றாலும் அதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. சோம்பேறி என்று ஏசப்பட்டவர்கள் நோயாளிகளாய் இருந்தார்கள். 1916இல் அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் மலசலகூடம் இல்லாத லயத்தில் மழை பெய்ததும் மண் மறுபடி புழுவானது. மருந்தை இன்னொருவர் கொடுத்தார். மலசலகூடம் கட்டுகிற செலவு தோட்டத்தின் கணக்கில் விழுந்ததால் பல துரைமார் தயங்கினார்கள். சோகையின் வேர் மண்ணில் மட்டும் இருக்கவில்லை. கணக்குப் புத்தகத்திலும் இருந்தது.

இந்த மாகாணத்தின் இரத்தத்தைப் பெருமளவில் அழித்த இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் ஓட்டம் குன்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. அந்தத் தேக்கங்களில் மலேரியா நுளம்பு பெருகியது. ஈர வலயத்து மக்களுக்கு அந்த நோய்க்கு எதிரான பழக்கமே இல்லை. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளை நோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். கேகாலை மாவட்டம் எல்லாவற்றையும் விட மோசமாக அடிபட்டது. மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள் புகுந்து, அதைத் தின்று பெருகி, உடைத்துக்கொண்டு வருகிறது. ஒரே நேரத்தில் எண்ணற்ற குழியங்கள் உடைவதால்தான் அந்த நடுக்கமும் காய்ச்சலும். உடைந்தவற்றைச் சுமந்து சுமந்து மண்ணீரல் வீங்குகிறது. பிள்ளைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரலைப் பார்த்தே அன்றைய வைத்தியர்கள் ஓர் ஊரின் மலேரியாவை அளந்தார்கள்.

அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கேகாலைப் பகுதிக்கு நிவாரணத்துக்கு வந்தார்கள். அவர்களில் என். எம். பெரேரா இருந்தார், டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க இருந்தார். கொயினா மருந்தோடு, மாமைட்டை உருண்டைகளாய் உருட்டிக் கொடுத்தார் விக்கிரமசிங்க. 1936இல் ருவன்வெல்ல மக்கள் பெரேராவை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள்.

அந்த மாமைட்டுக்கு ஒரு முன்கதை உண்டு. பம்பாயின் பஞ்சாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிகளிடையே ஒருவகைக் கடுஞ் சோகை கண்டது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் வைத்தியர் 1928 முதல் அங்கே ஆராய்ந்து, மாமைட் அதைக் குணமாக்குவதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருள் போலிக் அமிலம் என்று பின்னர் தெரிந்தது. 1941இல் அதைப் பசளிக் கீரை போன்ற ஓர் இலையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று தோட்டத்துக் கர்ப்பிணிக்கு இரும்புக் குளிசையோடு கொடுக்கும் சின்னக் குளிசை அதுதான். பம்பாய்த் தொழிலாளிப் பெண்ணின் இரத்தம் கற்றுக்கொடுத்த பாடத்தை இறக்குவானைத் தொழிலாளிப் பெண் விழுங்குகிறாள்.

மலேரியா போய்விட்டது. நம் நாட்டில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் காணப்பட்டார்; 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. 1990களில் இருந்து கர்ப்பிணிகளுக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் புழு மருந்து கொடுக்கப்படுகிறது. பாதங்களுக்குச் செருப்பும் வந்துவிட்டது. ஆயினும் சோகை முற்றாகப் போகவில்லை. ஏன்? பிரசவ காலக் கிளினிக்கொன்றில் நீங்கள் கேட்கக்கூடிய பேச்சு இது.

"என்னா தங்கச்சி, குளிசையை ஒழுங்கா குடிக்கிறியா?"

"குடிக்கிறேன் மிஸ். காலையில ரொட்டி தின்னுட்டு, தேத்தண்ணியோட முழுங்கிர்றேன்."

"அங்கதான் போகுது. தேத்தண்ணி இரும்பைப் புடிச்சு வச்சுக்கும். வெறுந்தண்ணியில முழுங்கு. தேசிக்காய் புளிஞ்சுக்கிட்டா இன்னும் நல்லது."

பக்கத்தில் மாமியார். "எங்க காலத்துல இந்தக் குளிசையெல்லாம் ஏது மிஸ்? நாங்க புள்ள பெத்துக்கலையா?"

"பெத்தீங்கம்மா. பெத்துட்டு எழும்பாம போனவங்க கதையையும் நீங்கதானே எனக்குச் சொன்னீங்க."

மாமியார் பேசவில்லை.

அந்த மௌனத்தின் பொருளைச் சொல்ல வேண்டும். சாதாரணப் பிரசவத்திலேயே அரை லீற்றர் வரை இரத்தம் போகலாம். நல்ல இரத்தமுள்ள உடம்பு அதைத் தாங்கும். ஏற்கெனவே வெளுத்துப் போன உடம்பு தாங்காது. பிள்ளையும் எடை குறைந்து பிறக்கலாம். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டில் நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்களாய் இருந்தார்கள். தோட்டங்களில் அது ஏறத்தாழ 32. இதற்குக் காரணம் பல. தாயின் உணவும் இரத்தமும் அவற்றில் முன்னே நிற்பவை.

தேயிலையின் சாயத்திலுள்ள துவர்ப்புப் பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. உணவோடு குடித்தால் உடம்பு ஏற்கும் இரும்பு பாதிக்கும் கீழே போய்விடக்கூடும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடித்தால் கெடுதி மிகக் குறைவு. யாரையும் தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. குளிர் காலையில் அதுதானே துணை? சாப்பாட்டுக்கும் அதற்கும் நடுவே ஓர் இடைவெளி விடுங்கள், அவ்வளவுதான். நெத்தலிக் கருவாடு, முருங்கைக் கீரை, பருப்பு, கூட ஒரு துண்டு தேசிக்காய். இவை இரத்தமாகும். ஆனால் இவற்றை வாங்கச் சம்பளம் வேண்டும். அதைச் சொல்லாமல் கீரையைப் பற்றி மட்டும் உபதேசம் செய்வது நியாயமல்ல.

கடைசியாக, இறப்பர் மலைக்கு ஒருமுறை போய்வருவோம். பால் வெட்டும் மரத்தைப் பாருங்கள். கத்தி பட்டதும் பால் சொட்டுகிறது. சில மணி நேரத்தில் வெட்டிலேயே உறைந்து ஒட்டுப்பாலாகி வழியை அடைக்கிறது. மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்கிறது. நம் இரத்தமும் அதைத்தான் செய்கிறது. குருதிச் சிறுதட்டுகள் காயத்தில் கூடுகின்றன. பைபிரின் என்ற நார் வலை பின்னி அதை இறுக்குகிறது. அட்டை இந்த வித்தையை முறியடிக்கத் தன் எச்சிலில் ஒரு பொருளை வைத்திருக்கிறது. அதனால்தான் அட்டை விழுந்த பிறகும் இரத்தம் நிற்காமல் கசிகிறது. பாலை உறையாமல் வைக்க ஸ்டோரில் அமோனியா ஊற்றுவார்கள். இரத்தத்தை உறையாமல் வைக்கச் சித்திரேற்று உதவும் என்று 1914இல் கண்டார்கள். அதற்குப் பின்னர்தான் ஒருவரின் இரத்தத்தை எடுத்து வைத்து இன்னொருவருக்கு ஏற்றுவது சாத்தியமாயிற்று.

யாருடைய இரத்தம் யாருக்குச் சேரும் என்பதை 1901இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் வெளியிட்டார். ஏ, பி, ஓ என்ற பிரிவுகளில் சிங்களம் இல்லை, தமிழ் இல்லை. கிராமம் இல்லை, தோட்டம் இல்லை. ஆனால் மனிதர் எழுதிய சட்டங்களில் அவை இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களிடம் பாட்டன் பூட்டன் வழியைக் கேட்டு நின்றது. 1977இலும் 1981இலும் 1983இலும் இந்த மாகாணத்துத் தோட்டங்களில் இரத்தம் சிந்தப்பட்டது. இன்று இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலோ கேகாலை ஆஸ்பத்திரியிலோ ஒரு தாய்க்கு இரத்தம் ஏற்றும்போது, அந்தப் பையில் பிரிவு எழுதியிருக்கும். கொடுத்தவரின் சாதி, சமயம் எழுதியிருக்காது. ஒருமுறை கொடுப்பது 450 மில்லிலீற்றர். கொடுத்தவர் அதற்குக் கூலி வாங்குவதில்லை.

ஆனைமலைத் தோட்டத்து வைத்தியராய் இருந்த பி. எச். டேனியல் 1969இல் 'ரெட் டீ' என்று ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்குத் தந்தார். மருந்துச் சீட்டில் எழுதி முடியாததை அந்த வைத்தியர் நாவலாக எழுதினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் சப்ரகமுவவின் கதை இன்னும் அப்படி முழுதாய் எழுதப்படக் காத்திருக்கிறது.

அதை எழுதப்போகிறவருக்கு ஒரு வேண்டுகோள். மலை ஏறும்போது நின்று மூச்சு வாங்கும் பெண்ணைக் கண்டால், சோர்ந்தவள் என்று எழுதுமுன் அவள் கண்ணிமையைப் பாருங்கள். வீட்டிலிருக்கிற நேயர்களுக்கும் அதே வேண்டுகோள். உங்கள் தாயின், மனைவியின், மகளின் கண்ணிமையை ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள். வெளுத்திருந்தால் நாளைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். செம்மண் நாட்டில் பிறந்தவளுக்குச் சிவப்பு மறுக்கப்படலாகாது.